பழைய பென்ஸ்ல டைமிங் பிரச்சனை: சத்தம், லைட்டு, இழுவை பாத்து எங்க ஆரம்பிக்கிறது

ஸ்கேனர்ல பி0016ங்கிற கோளாறு கோட் வந்துட்டா உடனே டைமிங் செயின் போச்சுன்னு அர்த்தம் இல்ல. கிராங்க் (பிஸ்டன் சுத்தி விடற தண்டு), கேம் (வால்வத் திறந்து மூடற தண்டு) ரெண்டும் ஒத்துப் போறதுதான் டைமிங். கிராங்க் ஒரு இடத்துல இருக்கு, கேம் அதுக்கு ஒத்து வராத இடத்துல இருக்கு, இவ்ளோதான் கம்ப்யூட்டருக்குத் தெரியும், ஏன்னு அதுக்குத் தெரியாது. ஆனா கோலாலம்பூர்ல செகாம்புட், கெப்போங், சுங்கை பீசி எந்தப் பக்கம் காடிய விட்டாலும் அந்தக் கோட பாத்த உடனே "செயின் செட் போடணும் பாஸ்"னு ஆரம்பிச்சிடுவாங்க, நாலு இலக்கத்துல ஒரு கொட்டேஷன் வந்து நிக்கும். சில நேரம் அது உண்மையாவே செயினாதான் இருக்கும். பல நேரம் ஒரு மேக்னட், ஒரு சென்சர், இல்லனா வயருக்குள்ள ஏறின எண்ணெய். எதுன்னு பாக்கறதுக்கு ஒரு வரிசை இருக்கு, காசு கம்மியா போறதுல ஆரம்பிச்சு இன்ஜின் திறக்கறதுல முடியணும், அந்த வரிசையில போகலாம்.

நான் முக்கியமா பேசறது டபிள்யூ203 சி-கிளாஸ், 2002ல இருந்து 2007 வரைக்கும் எம்271 இன்ஜினோட வந்த சி180 கொம்ப்ரசர், சி200 கொம்ப்ரசர். 1.8 லிட்டர், நாலு சிலிண்டர், சூப்பர்சார்ஜர். இப்ப பழைய மைவி (நம்ம ஊரு சின்ன காடி) விலைக்கே கெடைக்குதுங்கிறதால நம்ம பசங்க நெறைய பேர் வாங்கி ஓட்டறாங்க, வாங்கற விலை மைவி விலைதான், சாமான் விலை மட்டும் பென்ஸ் விலை, அத யாரும் வாங்கறப்ப நெனச்சுப் பாக்கறதில்ல. வி6 இன்ஜின், டபிள்யூ124, பிஎம்டபிள்யூ வச்சிருக்கறவங்களுக்கும் கீழ தனியா கொஞ்சம் இருக்கு. பழைய ஆடி, வால்வோ வச்சிருக்கறவங்க முதல்ல உங்க இன்ஜின் செயினா பெல்டான்னு பாத்துக்கோங்க, பெல்டுனா கதையே வேற, அது சத்தம் போட்டு எச்சரிக்கை எல்லாம் பண்ணாது, எப்ப மாத்தினாங்கன்னு ரெக்கார்டு இல்லனா கேள்வி கேக்காம மாத்திடணும், அவ்ளோதான்.

இந்த எம்271 எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து, நடுவுல ஒத்தை வரிசை செயின். பழைய எம்111ல இரட்டை வரிசை செயின் இருந்துச்சு, அது சும்மா போகாது, இதுல அந்தத் தெம்பு இல்ல. ரெண்டு கேமோட மூக்குலயும், இன்டேக்லயும் எக்ஸாஸ்ட்லயும், அட்ஜஸ்டர் இருக்கு, ஆயில் பிரஷர்ல உள்ள திரும்பி கேம முன்ன பின்ன தள்ளும். அந்த ஆயில எப்ப விடணும்னு முன்னாடி இருக்கற ரெண்டு கேம் மேக்னட் முடிவு பண்ணும். செயின இறுக்கிப் பிடிக்கற டென்ஷனரும் ஆயில்லதான் வேலை செய்யுது. ஆக இந்த இன்ஜின்ல டைமிங்கோட பாதி ஆயில்தான். ஆயில் சரியில்லாத காடியில நின்னுக்கிட்டு செயினப் பத்தி பேசறதே வீண்.

அதனால எந்த அறிகுறியா இருந்தாலும் முதல்ல டிப்ஸ்டிக்க இழுத்துப் பாருங்க, அளவு, நிறம், வாசம். அப்புறம் ஆயில் மூடியத் திறந்து டார்ச் அடிச்சு உள்ள பாருங்க, கறுப்பா களி மாதிரி ஒட்டியிருந்தா முன்ன வச்சிருந்தவரு எப்படி வச்சிருந்தாருன்னு தெரிஞ்சிடும். கம்பெனி சர்வீஸ் மீட்டர் பதினஞ்சாயிரம் கிலோமீட்டர் வரைக்கும் போகலாம்னு காட்டும், அது ஜெர்மனி ஹைவேக்குச் சரி. எம்ஆர்ஆர்2 ரோட்டுல சாயங்காலம் ஒரு மணி நேரம் நின்னு நின்னு வர்ற காடிக்கு இன்ஜின் ஓடின மணி நேரம் ஏறிக்கிட்டே இருக்கும், கிலோமீட்டர் மட்டும் ஏறாது. இங்க ஏழாயிரம் எட்டாயிரத்துல மாத்திடுங்க, 229.5ங்கிற பென்ஸ் அப்ரூவல் இருக்கற 5டபிள்யூ-40 ஃபுல்லி சிந்தெடிக், ஃபில்டரோட சேத்து அஞ்சரை லிட்டர்.

காலைல ஸ்டார்ட் பண்றப்ப ரெண்டு செகண்ட் கடகடன்னு சத்தம், அப்புறம் ஒண்ணும் இல்ல

இதுதான் எல்லாரும் கேக்கறது. "அண்ணே, காலைல மட்டும்தான்ணே, அப்புறம் பூனை மாதிரி ஓடுது." சரி தம்பி, காலைல மட்டுமா, இல்ல மதியம் கடையில நிறுத்திட்டு வந்து எடுத்தாலும் வருதா? இந்தக் கேள்விக்கு பதில் சொல்ல முடியாதவங்கதான் அதிகம், ஆனா பாதி விடை அங்கதான் இருக்கு.

ராத்திரி முழுக்க நின்ன பிறகு மட்டும் வருதுனா, டென்ஷனர்ல இருக்கற ஆயில் கீழ வடிஞ்சிடுது, திரும்ப பிரஷர் ஏறுற வரைக்கும் செயின் தொளதொளன்னு அடிக்குது. இதுல முதல்ல சந்தேகப்பட வேண்டியது ஆயில் ஃபில்டர். போன சர்வீஸ்ல விலை கம்மியா ஒரு ஃபில்டர் போட்டு, அதுக்கு அப்புறம்தான் சத்தம் ஆரம்பிச்சுதா? அப்ப நல்ல ஃபில்டர் ஒண்ணு வாங்கிப் போட்டு மூடியோட ஓ-ரிங்கும் மாத்தி, ரெண்டு மூணு காலைல கேட்டுப் பாருங்க. அதுலயும் போகலனா டென்ஷனர்.

டென்ஷனர்ல ஒரு விஷயம் கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும். அது உள்ள பல் வச்சு முன்னாடி மட்டும் நகர்ற மாதிரி செஞ்சிருக்காங்க, செயின் நீள நீள அது வெளிய வந்து அங்கேயே பூட்டிக்கும். கழட்டிட்டு அப்படியே திரும்ப மாட்டினா, வெளிய தள்ளிக்கிட்டு இருக்கற அந்த நிலையிலேயே போல்ட் இறுக்கறப்ப செயினையும் அது உரசி ஓடற பிளாஸ்டிக் கைடையும் அளவுக்கு மீறி நெருக்கிடும். சும்மா பாத்துட்டு மாட்டலாம்னு யாராவது கழட்டினா நிறுத்துங்க. கழட்டினா புதுசுதான், இல்லனா பிரிச்சு உள்ள தள்ளி முறையா செட் பண்ணித்தான் மாட்டணும். புது டென்ஷனர் விலை செயின் வேலையோட பாத்தா ஒண்ணுமே இல்ல.

சூடான இன்ஜின நிறுத்தி பத்து நிமிஷம் கழிச்சு எடுத்தாலும் அதே கடகட வருதுனா அட்ஜஸ்டர் பக்கம் திரும்புங்க. இன்ஜின் நிக்கறப்ப அட்ஜஸ்டர் ஆரம்ப நிலைக்கு வந்து உள்ள ஒரு பின் விழுந்து பூட்டிக்கணும், அந்தப் பின்னோ பின் விழுற குழியோ தேஞ்சிருந்தா பிரஷர் வர்ற வரைக்கும் உள்ள இருக்கற பாகம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இடிச்சுக்கிட்டே இருக்கும். சத்தம் செயின் சத்தத்த விட கொஞ்சம் கனமா, இரும்புல சின்ன சுத்தியல் தட்டின மாதிரி வால்வ் கவரோட முன் மூலையில இருந்து வரும். நீளமான ஸ்க்ரூடிரைவர் நுனிய அங்க வச்சு கைப்பிடிய காதுகிட்ட வச்சுக் கேளுங்க, சுத்தற பெல்ட்டுக்கு ஒதுங்கி நின்னு. சூப்பர்சார்ஜர் பக்கமோ பெல்ட் புல்லி பக்கமோ சத்தம் அதிகமா கேட்டா அது டைமிங்கே இல்ல, பேரிங். பெல்ட்டக் கழட்டிட்டு சில செகண்ட் மட்டும் ஓட்டிப் பாத்தா சந்தேகம் தீந்துடும்.

சத்தம் ரெண்டு செகண்டுல இருந்து அஞ்சு, பத்துனு போகுது, இல்ல ஐடில்லயும் (மிதிக்காம சும்மா ஓடறப்பயும்) நிக்காம வருதுனா இனிமே ஓட்டிக்கிட்டே யோசிக்கற கட்டம் இல்ல. எம்271 இன்டர்ஃபியரன்ஸ் இன்ஜின், செயின் பல் தாண்டினா வால்வும் பிஸ்டனும் ஒண்ணோட ஒண்ணு மோதும்.

செக் இன்ஜின் லைட் எரியுது, ஓட்ட நல்லாதான் இருக்கு

பி0016 இன்டேக் கேம், பி0017 எக்ஸாஸ்ட் கேம். பி0340, பி0341 வந்தா கேம் சென்சர் சிக்னல். பி0011, பி0012, பி0014, பி0015 வந்தா அட்ஜஸ்டர் சொன்ன பேச்சு கேக்கல, ஒண்ணு தேவைக்கு மேல முன்ன போயிருக்கு, இல்ல பின்ன நிக்குது. கோட அழிக்கறதுக்கு முன்னாடி ஃப்ரீஸ் ஃபிரேம் டேட்டாவ போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, எந்த ஆர்பிஎம்ல, என்ன சூட்டுல லைட் விழுந்துச்சுன்னு அதுல இருக்கும். அழிச்சிட்டா அந்தத் தடயமும் போச்சு, நெறைய போர்மேனுங்க (மெக்கானிக்குங்க) காடி வந்த உடனே செய்ற முதல் வேலையே அழிக்கறதுதான்.

இப்ப கேம் மேக்னட். இன்ஜின் ஆறினதும் வால்வ் கவர் முன்னாடி ரெண்டு வட்டமா தெரியும், ஒவ்வொண்ணுலயும் ஒரு பிளக். கிளிப்ப அழுத்தி மெதுவா இழுங்க, பிளாஸ்டிக் இத்தன வருஷ சூட்டுல வெறகா ஆயிருக்கும், பலம் போட்டா உடைஞ்சிடும். பிளக்குக்குள்ள டிஷ்யூவ சுருட்டி நுழைச்சு எடுங்க. டிஷ்யூல தேன் நிறத்துல கறை ஒட்டினா அது இன்ஜின் ஆயில். மேக்னட்டோட உள் சீல் போயிடுச்சு, ஆயில் பின் வழியா வெளிய வருது. அதோட நிக்கறதில்ல, விளக்குத் திரியில எண்ணெய் ஏறுற மாதிரி வயரோட ரப்பர் தோலுக்கும் செம்புக்கும் நடுவுல மெல்ல மெல்ல ஏறி ஹார்னஸ் (வயர் கட்டு) வழியாவே போயி ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) பிளக் வரைக்கும் எட்டிடும், வழியில ஆக்ஸிஜன் சென்சர் பிளக்குலயும் இறங்கும். மேக்னட்ல கறை பாத்தீங்கனா ஈசியு பிளக்கையும் கழட்டிப் பாக்காம விடாதீங்க, பேட்டரி நெகட்டிவ்வ எடுத்துட்டுத்தான் தொடணும். ஈசியு பின்ல ஈரம் இருந்தா கான்டாக்ட் கிளீனர் போட்டு சுத்தம் பண்ணி, கொஞ்ச நாள் கழிச்சு திரும்பவும் பாக்கணும், ஏன்னா வயருக்குள்ள ஏற்கனவே ஏறினது கீழ இருந்து வந்துக்கிட்டேதான் இருக்கும். மேக்னட்டுக்கும் ஹார்னஸுக்கும் நடுவுல மாட்டற குட்டி வயர் ஒண்ணு விக்கிறாங்க, மேக்னட் மாத்தறப்ப அதையும் போட்டுட்டா அடுத்த தடவ லீக் ஆனாலும் ஆயில் அதத் தாண்டி மேல போகாது. மேக்னட்ட விட அதுதான் நல்ல முதலீடு.

ஆயில் இல்ல, பிளக் சுத்தமா இருக்குனா மாத்திப் போட்டுப் பாக்கற வழி. ரெண்டு மேக்னட்டும் ஒரே பார்ட் நம்பரா இருந்தா இன்டேக்ல இருந்தத எக்ஸாஸ்ட்ல, எக்ஸாஸ்ட்ல இருந்தத இன்டேக்ல மாட்டி கோட அழிச்சிட்டு ஓட்டுங்க. முன்ன பி0016 வந்தது இப்ப பி0017 ஆச்சுனா மேக்னட் குத்தம். கோட் அசையாம அதே இடத்துல நின்னுச்சுனா மேக்னட் நல்லாருக்கு, அடுத்து கேம் சென்சர் ரெண்டையும் அதே மாதிரி மாத்திப் பாருங்க. இதுக்குப் புது சாமான் எதுவும் வாங்க வேணாம், அதனாலதான் இத முதல்ல செய்யச் சொல்றேன், ஒரு சாமான வாங்கிப் போட்டு சரியாகலனா இன்னொண்ணு வாங்கிப் போடற வைத்தியம் பென்ஸ்ல செஞ்சா வீட்ட விக்கணும்.

சென்சரும் மேக்னட்டும் வயரும் பாஸ் ஆயிடுச்சு, ஆயிலும் புதுசு, அப்பவும் பி0016 பி0017 ரெண்டும் சேந்து வருதுனா செயின். ஒண்ணு மட்டும் திரும்பத் திரும்ப வருதுனா அந்தப் பக்கத்து அட்ஜஸ்டர். ரெண்டு கேமும் ஒரே செயின்ல ஓடுது, செயின் நீண்டா ரெண்டுமே பின்தங்கணும்ல, அதான் லாஜிக். இத நூத்துக்கு நூறுன்னு எடுத்துக்க வேணாம், ஆனா கவரத் திறக்கறதுக்கு முன்னாடி எதிர்பார்ப்பு வச்சுக்க உதவும். பென்ஸுக்குன்னு இருக்கற ஸ்கேனர் வச்சிருக்கற ஆள்கிட்ட லைவ் டேட்டால கேம் ஆங்கிள் கேளுங்க, புளூடூத்ல மாட்டற சின்ன ஓபிடி சாமான் கோட் மட்டும்தான் சொல்லும், ஆங்கிள் பெரும்பாலும் காட்டாது.

கவரத் திறந்தா என்ன பாக்கணும்

ஸ்பார்க் பிளக் நாலையும் எடுத்துடுங்க, அப்பதான் கையால சுத்தறப்ப லேசா வரும். கிராங்க் போல்ட்டுல 27 சாக்கெட் போட்டு கடிகாரம் சுத்தற பக்கம் மட்டும் சுத்துங்க. கொஞ்சம் தாண்டிப் போச்சுன்னு பின்னாடி திருப்பாதீங்க, செயின் தொங்கற பக்கம் மாறி பல் தாண்டறதுக்கு அதுவே போதும், இன்னும் ரெண்டு சுத்து முன்னாடியே சுத்தி வாங்க. கிராங்க் புல்லி மார்க்குக்கு வந்ததும் கேம் ரெண்டும் மேனுவல்ல சொன்ன நிலையில நிக்கணும், கேம் லாக் டூல் பலவந்தம் பண்ணாம தானா உக்காரணும். தட்டித்தான் உக்காருதுனா அங்கேயே விடை கெடைச்சிடுச்சு.

அடுத்து அட்ஜஸ்டரோட பல்லப் பாருங்க. இந்த இன்ஜின்ல செயின விட மோசமா தேயறது அதுதான், அதுலயும் எக்ஸாஸ்ட் பக்கம். நல்ல பல் ரெண்டு பக்கமும் ஒரே சரிவா இருக்கும். தேஞ்ச பல் ஒரு பக்கம் மட்டும் குழிஞ்சு நுனி வளைஞ்சிருக்கும், நகத்த வச்சு பல்லோட முகத்துல மேல இழுத்தா மாட்டும், பளபளன்னு ஒரு படி தெரியும். பக்கத்துப் பக்கத்து பல்லப் பாத்தா எல்லாம் ஒரே மாதிரி தேஞ்ச மாதிரிதான் இருக்கும், அதனால புது அட்ஜஸ்டரோட படத்த போன்ல வச்சுக்கிட்டு ஒப்பிட்டுப் பாருங்க. செயின் மட்டும் மாத்தி தேஞ்ச பல்லோட ஓட விட்டா புது செயினும் சீக்கிரமே போயிடும். செயின், அட்ஜஸ்டர் ரெண்டு, டென்ஷனர், இது ஒரு குடும்பம், பிரிக்கக் கூடாது. போல்ட்டுங்களும் புதுசு.

முன் கவரக் கழட்டாமலே பழைய செயின ஒரு கண்ணில வெட்டி, புது செயின அதோட கோத்து, ஒருத்தர் கிராங்க மெதுவா சுத்த இன்னொருத்தர் ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே உள்ள விட்டு, கடைசில ரிவெட் அடிக்கற முறை இருக்கு. குறுக்கு வழின்னு நெனைக்காதீங்க, பென்ஸ் முறையே அதான். ரெண்டு ஆள் கண்டிப்பா வேணும், ரிவெட் அடிக்கற டூல் சரியானதா இருக்கணும், வெட்டறப்ப இரும்புத் தூள் உள்ள விழாம சுத்தி துணி அடைக்கணும். இதுல ஒரே குறை, கீழ இருக்கற பிளாஸ்டிக் கைடுகள மாத்த முடியாது. அதனால போரஸ்கோப் (குழாய் நுனியில கேமரா) விட்டு கைடப் பாத்துடுங்க, ஆயில் வடிக்கறப்ப ஃபில்டர்லயோ சம்ப்லயோ (இன்ஜின் அடியில இருக்கற ஆயில் தொட்டி) பழுப்பு நிற பிளாஸ்டிக் துண்டு வந்துச்சுனா இந்த மாதிரி உள்ள விடற முறை (ரோல்-இன்) வேணாம், முன் கவரக் கழட்டித்தான் ஆகணும்.

ஜாம்ல நிக்கறப்ப சூடாகி நின்னுடுது, அரை மணி நேரம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது

கிராங்க் சென்சர். பத்துக்கு எட்டு தடவ வேற எதையும் யோசிக்க வேணாம். இன்ஜினோட பின்னாடி கியர்பாக்ஸ் சேர்ற இடத்துல இருக்கு, சூட்டுல உள்ள சுருள் விட்டுப் போகும், ஆறினா திரும்ப ஒட்டிக்கும். நின்ன அந்த நேரத்துல ஸ்கேனர மாட்டி ஸ்டார்ட்டர் அடிச்சுப் பாருங்க, இன்ஜின் சுத்துது ஆனா ஆர்பிஎம் சைபர்னு காட்டினா சென்சர்தான். பல நேரம் கோடே விழாது, அதுதான் ஆளக் குழப்பும், கோட் இல்லன்னு ஃபியூல் பம்ப்ப மாத்தினவங்க உண்டு. கழட்டறதுக்கு ஒரே போல்ட், ஈ8 டார்க்ஸ் சாக்கெட், எக்ஸ்டென்ஷன் நீளமா வேணும், கை நுழையாது. நுனியில இரும்புத் தூள் ஒட்டியிருந்தா துடைச்சுட்டு பாருங்க. சாமான் விலையும் பெருசில்ல, பழைய பென்ஸ் வச்சிருக்கறவங்க டிக்கியில ஒண்ணு வச்சுக்கலாம், பாலிக் கம்போங் போறப்ப தப்பா ஊருல நின்னுக்கிட்டு சென்சர் தேட முடியாது.

காராக் ஏத்தத்துல இழுக்கவே மாட்டேங்குது

கோம்பாக் டோல் தாண்டி கெந்திங் செம்பா ஏறுறப்ப மத்த காடியெல்லாம் தாண்டிப் போகுது, நம்மது மிதிச்சா சத்தம் மட்டும் வருது. டைமிங் பின்தங்கினா இப்படி ஆகும்தான், ஆனா ஏர் ஃப்ளோ சென்சர் அழுக்கானாலும், கேட்டலிடிக் அடைச்சாலும், சூப்பர்சார்ஜர் குழாய் கழண்டாலும் இதேதான் ஆகும். பிரிச்சுப் பாக்கறதுக்கு ஒரு வேக்குவம் கேஜ் போதும், இன்டேக்ல மாட்டி ஐடில்ல பாருங்க. நல்ல இன்ஜின்ல 18ல இருந்து 20 இஞ்சுல முள்ளு ஆடாம நிக்கும். முள்ளு ஆடாம, ஆனா கீழ, 14, 15ன்னு நின்னா வால்வ் டைமிங் பின்தங்கியிருக்கலாம், இல்ல எங்கயாவது காத்து இழுக்குது. முள்ளு துடிச்சுக்கிட்டே இருந்தா ஒரு வால்வோ ஒரு சிலிண்டரோ. கம்ப்ரஷன் டெஸ்ட்லயும் இதே கணக்கு, நாலு சிலிண்டரும் சேந்து கம்மினா டைமிங் பக்கம் சந்தேகப்படலாம், ஒண்ணு மட்டும் கம்மினா டைமிங்க விட்டுடுங்க.

பிஎம்டபிள்யூ இ39, இ46 ஆறு சிலிண்டர் வச்சிருக்கறவங்களுக்கு இதே அறிகுறி வேனோஸ் (பிஎம்டபிள்யூவோட கேம் அட்ஜஸ்டர்) சீல். கீழ ஆர்பிஎம்ல சோம்பலா இருந்துட்டு மூவாயிரம் தாண்டின உடனே திடீர்னு முழிச்சுக்கும். உள்ள இருக்கற ரப்பர் ரிங் கல்லாயிடுது, சீல் கிட் மட்டும் மாத்தினா போதும், முழு யூனிட் வாங்கச் சொன்னா வேற ஆளப் பாருங்க. நாலு சிலிண்டர் 318ஐ, என்42 இன்ஜின்னா அது வேற நோய், செயின் கைட் பிளாஸ்டிக் உடைஞ்சு சம்ப்ல விழும், ஆயில் பம்ப் வாய அடைக்கும்.

ஐடில்ல ஆட்டம்

இத டைமிங்னு சொல்லி வர்றவங்கள்ல நெறைய பேருக்கு டைமிங் இல்ல. எம்271ல இன்டேக்குக்குக் கீழ போற பிரீதர் ஹோஸ் சூட்டுல வெடிக்கும், பி0171 கூட வரும், ஐடில் மேல கீழ ஊஞ்சலாடும். ஸ்மோக் டெஸ்ட் பண்ணா புகை எங்க வருதுன்னு தெரிஞ்சிடும். பி0301ல இருந்து பி0304க்குள்ள ஒண்ணு மட்டும் வந்தா காயில இடம் மாத்திப் பாருங்க. கோடே இல்லாம ஸ்டீயரிங் மட்டும் நடுங்கினா இன்ஜின் மவுண்டிங், டிரைவ் போட்டு பிரேக் மிதிச்சா அதிகமாகும்.

ஓடிக்கிட்டே டப்புனு நின்னுடுச்சு, ஸ்டார்ட்டர் வழக்கத்த விட வேகமா சுத்துது

சாவிய விடுங்க. இன்னொரு தடவ அடிச்சுப் பாக்கலாம்னு தோணும், அடிக்காதீங்க. ஸ்டார்ட்டர் லேசா விர்ருன்னு சுத்துதுனா கம்ப்ரஷன் இல்ல, கம்ப்ரஷன் இல்லனா வால்வ் சரியா மூடல, ஒவ்வொரு சுத்துக்கும் இன்னும் வளையும். டோ டிரக்கக் கூப்பிடுங்க. வர்க்‌ஷாப்ல கிராங்கக் கையால மெல்ல சுத்திக்கிட்டு கேம் திரும்புதான்னு பாக்கணும், திரும்பலனா செயின் அறுந்திருக்கு. திரும்பினா லீக்-டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள்ள காத்து விட்டு எங்க கசியுதுன்னு பாக்கறது) பண்ணி எந்த வால்வுன்னு பாத்துட்டு ஹெட்ட இறக்கறதா, இன்ஜின மாத்தறதான்னு முடிவு பண்ணலாம்.

செயின் மாத்திட்டு வந்த அன்னைக்கே கோட் திரும்ப வந்துச்சு

ஒரு பல் தவறியிருக்கு. ஒரு பல்லுனா கிராங்க் கணக்குல கிட்டத்தட்ட 18, 20 டிகிரி, செயின் நீள்றதுல வர்ற வித்தியாசம் சில டிகிரிதான், அதனால ஒரு பல் தவறினா ஐடில்லயே நல்லா தெரியும், உதறும். உதறல் இல்லாம கோட் மட்டும் வந்தா அட்ஜஸ்டர் பூட்டின நிலையில இல்லாம போல்ட் இறுக்கியிருப்பாங்க, இல்ல சென்சர் பிளக்குகள மாத்தி மாட்டியிருப்பாங்க, அதுவும் நடக்கும். வேலை முடிஞ்சதும் கிராங்கக் கையால ரெண்டு முழு சுத்து சுத்தி மார்க்க திரும்பப் பாத்தீங்களான்னு போர்மேன்கிட்ட கேளுங்க, பதில் வர்ற வேகத்துலயே தெரிஞ்சிடும்.

வி6 வச்சிருக்கறவங்களுக்கு

எம்272, சி230, இ280 மாதிரி காடிங்க. ஆரம்ப கால இன்ஜின்கள்ல பேலன்ஸ் ஷாஃப்ட்ல இருக்கற பல் சக்கரம் மென்மையான உலோகம், அது தேஞ்சா செயின் நல்லா இருந்தாலும் டைமிங் பின்தங்கும். கண்டுபிடிக்க முன் கவரக் கழட்ட வேணாம், கேம் சென்சர்கள எடுத்துட்டு கிராங்க் புல்லிய 305 டிகிரியில நிறுத்தி அந்த ஓட்டை வழியா டார்ச் அடிச்சா கேம் சக்கரத்தோட மார்க் நடுவுல தெரியணும். மார்க் நடுவ விட்டு விலகியிருந்தா பேலன்ஸ் ஷாஃப்ட்ட சந்தேகப்படுங்க. பேலன்ஸ் ஷாஃப்ட்னா இன்ஜின வெளிய எடுக்கணும். 2007க்கு முந்தின வி6 வாங்கப் போறவங்க காசு கொடுக்கறதுக்கு முன்னாடி இந்த ஓட்டைய எட்டிப் பாத்துடுங்க.

டபிள்யூ124, அதுக்கும் பழசு

எம்103 இன்ஜின்ல ரோட்டர் நேரா கேம்லயே உக்காந்திருக்கு, டிஸ்ட்ரிபியூட்டரத் திருப்பி டைமிங் வைக்கறதுன்னு ஒண்ணு கிடையாது, யாராவது திருப்பி வச்சுத் தரேன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க. பத்த வைக்கற நேரத்த ஈஇஸட்எல் (EZL) பெட்டி, அதாவது ஃபெண்டர் உள்பக்கம் ஒட்டியிருக்கற அந்த அலுமினியப் பெட்டி பாத்துக்குது, பின்னாடி ஹீட் பேஸ்ட் காஞ்சு போனா நம்ம ஊர் சூட்டுல அது கிறுக்குத்தனம் பண்ணும், கழட்டி பழச சொரண்டி புதுசா தடவினா போதும். 93ல இருந்து 95 வரைக்கும் வந்த எம்104ல வயர் ஹார்னஸோட தோல் தானாவே உதிரும், வயர லேசா வளைச்சா பொடிப்பொடியா கொட்டும். அதுல வர்ற மிஸ்ஃபயர டைமிங்னு நெனச்சு செயினத் தொட்டா காசுக்குக் கேடு. கையால திருப்பி டைமிங் வைக்கற சொகம் வேணும்னா டபிள்யூ123 வாங்கிக்கோங்க.

சாமான் விஷயத்துல, செயின், அட்ஜஸ்டர், டென்ஷனர் மூணும் ஒரிஜினலோ, இல்ல கம்பெனிக்கே சப்ளை பண்ற பிராண்டோ போடுங்க. ஆன்லைன்ல முழு செட் பாதி விலையில வரும், பெட்டி அழகா இருக்கும், பல்லோட கடினத்த பெட்டியப் பாத்து சொல்ல முடியாது. ஹாஃப் கட் கடையில (பழைய இன்ஜின், சாமான் விக்கிற கடை) இருந்து மேக்னட், சென்சர் எடுக்கலாம், டெஸ்ட் பண்ணி மாட்டலாம், ஆனா யூஸ் பண்ண அட்ஜஸ்டர் எடுக்காதீங்க, அதுவும் இதே நோய்ல வந்ததா இருக்கும். வால்வ் வளைஞ்சு முழு இன்ஜின் மாத்தறதா முடிவு பண்ணா, தௌக்கே (கடை முதலாளி) இன்ஜின சங்கிலியில தொங்க விட்டிருக்கறப்பவே ஆயில் மூடியத் திறந்து பாருங்க, வால்வ் கவரக் கழட்ட விட்டா அட்ஜஸ்டர் பல்லையும் பாருங்க, கழட்ட விட மாட்டேன்னா அடுத்த கடை. இன்ஜின் நம்பர் மாறுறதால புஸ்பகோம் (வாகனப் பரிசோதனை) செக்கிங் போட்டு ஜேபிஜேல (சாலைப் போக்குவரத்து இலாகா) கிராண்ட்ல (காடி பதிவுப் பத்திரம்) நம்பர மாத்தணும், அதுக்கு இன்ஜின் வாங்கின பில்லும் பேப்பரும் தௌக்கேகிட்ட அன்னைக்கே கேட்டு வாங்கிடுங்க, அப்புறம் போய்க் கேட்டா தேடித் தரமாட்டாங்க லா.